தைராய்டு கேன்சர்: ரிப்போர்ட்ல ‘ஜீரோ’ வந்தா நம்பலாமா?

தைராய்டை மொத்தமா எடுத்தாச்சு. ஆறு மாசம் கழிச்சு ரத்தம் கொடுத்தா தைரோகுளோபுலின்ங்கிற புரதம் 0.1-க்கும் கீழ. வீட்டுல பாயசம்! கொஞ்சம் பொறுங்க, அடுப்பை அணைங்க. அதே ரிப்போர்ட்ல ‘ஆன்டி-தைரோகுளோபுலின்’னு இன்னொரு வரி இருக்கா?

தைரோகுளோபுலினைத் தைராய்டு செல் மட்டும்தான் செய்யும். சுரப்பியே போன பிறகும் அது ஏறினா, எங்கேயோ தைராய்டு செல் மிச்சம் இருக்கு. பின்கதை இவ்வளவுதான்.

[திரையில்: லேப் குழாய், பெரிதாக்கிய படம்]

லேப்ல ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைத் தேடி ஒட்டிக்கிற புரதம்) தைரோகுளோபுலினைப் பிடிச்சு வைக்கும். வெளிச்சம் தர்ற இரண்டாவது ஆன்டிபாடி அதுமேல ஒட்டும். எவ்வளவு வெளிச்சமோ, அதுதான் அளவு. ஆனா இந்த நோயாளிகள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்கு, அவங்க நோய் எதிர்ப்பு மண்டலமே செஞ்ச ஆன்டிபாடி அங்க முன்னாடியே உட்கார்ந்திருக்கும். அதுதான் ரிப்போர்ட்ல வர்ற ‘ஆன்டி-தைரோகுளோபுலின்’. ரங்கூன் சர்க்குலர் ரயில்ல துண்டு போட்டு சீட் பிடிச்ச மாதிரி! லேப் ஆன்டிபாடிக்கு இடமில்ல, வெளிச்சமும் இல்ல. கேன்சர் மிச்சமிருந்தாலும் ரிப்போர்ட் ஜீரோதான்.

அதனால ரெண்டு டெஸ்டையும் ஒரே ரத்தத்துல, எப்பவும் ஒரே லேப்ல எடுங்க. ஒரு தடவை மோல்மேன், அடுத்த தடவை ரங்கூன்னு மாத்தினா ஒப்பிடவே முடியாது. முடி கொட்டுதுன்னு 5, 10 மில்லிகிராம் பயோட்டின் வைட்டமின் போடுறீங்களா? அதுவும் சில கிட்டுகளை ஏமாத்தி அளவைக் குறைச்சுக் காட்டும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு, ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க. ஆன்டிபாடி அளவு வருஷா வருஷம் இறங்கினா நல்ல சேதி. முழுசா மறைய மூணு வருஷம்கூட ஆகலாம், பதறாதீங்க. ஏறினா மட்டும் கழுத்து அல்ட்ராசவுண்டைத் தள்ளிப் போடாதீங்க.

சரி, நம்ம நோய் எதிர்ப்பு மண்டலத்தையே கேன்சர் மேல ஏவி விடுற இம்யூனோதெரபி? சில கேன்சர் செல்கள் பிடி-எல்1 புரதத்தைக் காட்டி, நோயோட சண்டை போடுற டி செல்லை முடக்கும். பெம்ப்ரோலிசுமாப்ங்கிற ஊசி அந்த முடக்கத்தை எடுக்கும். பேஸ்புக்ல ‘அதிசய ஊசி’ன்னு ஓடுது. ஆனா ஒரு ஆய்வுல இதைப் போட்ட, பிடி-எல்1 உள்ள, முத்திப்போன பாப்பிலரி, ஃபாலிகுலர் வகை தைராய்டு கேன்சர் நோயாளிகள் 22 பேர்ல கட்டி நல்லா சுருங்கினது 2 பேருக்குத்தான். படுவேகமா வளர்ற அனாபிளாஸ்டிக் வகையில, இதே மாதிரி ஊசியான ஸ்பார்டலிசுமாப் 42 பேர்ல 8 பேருக்கு வேலை செஞ்சது. அங்க முதல்ல பிராஃப் மரபணு டெஸ்ட் கேளுங்க. அந்த மரபணுவுல வி600இங்கிற மாற்றம் இருந்தா டப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் ஜோடி மாத்திரை இருக்கு.

இந்த ஊசி சில பேருக்கு நுரையீரல், குடல், கல்லீரலைத் தாக்கும். நல்லா இருக்குற தைராய்டையும் விடாது, அதுக்காக 4–6 வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்துல டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்) பார்ப்பாங்க. ஆபரேஷன்ல தைராய்டை எடுத்தவங்களுக்கு அந்த ஒரு கவலை மட்டும் இல்ல!