கால் ரத்தக்குழாய் அடைப்பு: அம்மிச்சிக்கு ஏன் தாமதமாகத் தெரிகிறது?

(திரையில்: கயிற்றுக் கட்டிலுக்கு வெளியே தொங்கும் கால்கள்)

இரவில் படுத்தால் பாதம் எரிகிறது, குடைகிறது. எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் கொஞ்சம் தேவலாம். வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் மூட்டு வலி என்று விட்டுவிடாதீர்கள். பாதத்துக்கு ரத்தம் போதவில்லை. தொங்கவிடும்போது புவியீர்ப்பால் கொஞ்சம் ரத்தம் கீழே இறங்குகிறது, அதனால்தான் வலி அடங்குகிறது.

கால் ரத்தக்குழாய் அடைப்பு முற்றிப்போன நிலை இது. இந்த வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பாதப் புண் ஆறாமல் கிடந்தாலோ, விரல் கருத்துப் போனாலோ, காலே பறிபோகலாம். ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காலை எடுக்க வேண்டி வருகிறது. ஏறக்குறைய அதே அளவு பேர் இறந்தும் போகிறார்கள். பெரும்பாலும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும்தான். காலில் அடைத்த அதே கொழுப்பு இதயத்திலும் மூளையிலும் இருக்குமல்லவா?

(திரையில்: காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை)

இந்த நிலைக்கு ஆணும் பெண்ணும் ஒரே வழியில் வந்து சேர்வதில்லை. ஒரு சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அப்புச்சியும் அம்மிச்சியும் (அம்மாவழித் தாத்தாவும் பாட்டியும்) இருக்கிறார்கள், இருவருக்குமே சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். அப்புச்சி பீடி பிடிப்பவர். பால் சொசைட்டி வரை நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. பாடப்புத்தகத்தில் உள்ள அடையாளமே இதுதான். பீடி என்ற சொல் காதில் விழுந்ததுமே டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அம்மிச்சி நடையைக் குறைத்துக்கொண்டார். சொசைட்டிக்குப் பேரனை அனுப்புகிறார். நடந்தால்தானே வலி தெரியும்? கேட்டால், "வயசாச்சு கண்ணு, கால் அசதியா இருக்குது" என்பார். பெண்களுக்கு இந்த நோய் அறிகுறியே இல்லாமலோ, இப்படிப் பிடிபடாத அசதியாகவோ வருவது அதிகம். முழங்கால் தேய்மானமும் சேர்ந்திருந்தால் எல்லாப் பழியும் மூட்டின் மேல் விழுகிறது. தைலம், வலி மாத்திரை என்றே காலம் போகிறது. சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் மெட்டி உரசிய இடத்தில் புண் வந்ததுகூடத் தெரியாது. தெரிந்தாலும் "பேத்தி கல்யாணம் முடியட்டுங்க" என்று தள்ளிப்போடுவார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஆண்களைவிட வயதும் கூடியிருக்கும், நோயும் முற்றியிருக்கும்.

சரி, சிகிச்சைக்குப் பிறகு யாருடைய நிலைமை மோசம்? பெண்களுக்குத்தான் என்று ஒரே வரியில் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். சில ஆய்வுகளில் ஆண்களுக்கே காலை எடுப்பது அதிகம். சிகிச்சையை ஒட்டிய மரணமும் ரத்தக் கசிவும் பெண்களிடம் அதிகம் என்கின்றன சில. வயதையும் நோயின் முற்றலையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் பல வேறுபாடுகள் சுருங்கிவிடுகின்றன. என் பார்வையில் இதுதான் முக்கியம்: வேறுபாட்டில் ஒரு பெரிய பங்கு உடம்பில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது.

உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது. பெண்களின் ரத்தக்குழாய் பொதுவாக மெல்லியது. போர் தண்ணீரின் உப்பு சொட்டுநீர்க் குழாயில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அளவு உப்பு படிந்தாலும் சின்னக் குழாய்தான் முதலில் அடைக்கும். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது இயற்பியல் கணக்கு. மெல்லிய குழாய்க்குள் பலூன் விட்டு விரிப்பதும், விரித்த குழாய் மூடாமல் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பதும் சிரமம். அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்றுவழி போடுவதுதான் பைபாஸ்; அதற்குக் காலில் இருந்து எடுக்கும் சிரையும் மெல்லியதாக இருக்கலாம். பலூனை உள்ளே விடத் தொடை இடுக்கில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிவதும், பைபாஸ் தையலில் சீழ் பிடிப்பதும் பெண்களிடம் கூடுதலாகப் பதிவாகியுள்ளன. அதற்காக ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். வைத்தியம் செய்யாமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம்.

(திரையில்: கணுக்காலில் பிரஷர் பட்டை கட்டும் காட்சி)

கண்டுபிடிக்கும் சோதனை வலிக்காது, சீக்கிரமும் முடிந்துவிடும். கணுக்காலில் பார்த்த பிரஷரைக் கையில் பார்த்த பிரஷரால் வகுப்பார்கள். கையில் 130, கணுக்காலில் 78 என்றால் விடை 0.6. 0.9-க்குக் கீழே போனாலே அடைப்பு. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சுண்ணாம்பு படிந்து குழாய் இறுகிப்போனால் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காது, விடை 1.4-க்கு மேல் வரும். "நல்லா இருக்குது" என்று அனுப்பிவிடக் கூடாது. அப்போது கால் பெருவிரலில் பிரஷர் பார்க்க வேண்டும். அது 30-க்குக் கீழே இருந்தால் நிலைமை ரொம்ப மோசம். பெரிய மருத்துவமனைகளின் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவில் இதைச் செய்கிறார்கள்.

ஸ்டென்ட் நல்லதா, பைபாஸ் நல்லதா என்று பெரிய அளவில் சோதித்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. 1,830 பேரைச் சேர்த்தார்கள். நல்ல சிரை கிடைத்தவர்களுக்குப் பைபாஸே மேல் என்று தெரிந்தது. ஆனால் அதில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாதி நோயாளிகளைப் பற்றிய முடிவைப் பெரும்பாலும் மீதிப் பாதியிடம் கேட்டு எழுதுவதை எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்வது?

கடைசியாக மாத்திரை விஷயம். ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையும் பொதுவாகத் தேவை. இதுவும் பெண்களுக்குக் குறைவாகவே எழுதப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அம்மிச்சிக்குக் கால் அடைப்பு என்று தெரிந்திருந்தால், அவருடைய சீட்டில் ஸ்டாட்டினும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று டாக்டரிடமே கேளுங்கள். அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று காரணத்தோடு விட்டிருக்கலாம். வெறுமனே விட்டுப்போயும் இருக்கலாம்.