அடைச்சா போதுமா, கேப்பு போடணுமா? என் கடவாப்பல்லு கதை

வணக்கம் மக்களே! வெளிய கச்சான் காத்து இரையுது, மாடியில மைக் வைக்க முடியல, அதான் உள்ரூம்ல உக்காந்துட்டேன். மீன் வீடியோ நாளைக்கு வரும். இன்னைக்கு பல்லு. ஏன்னா கேப்பு, அதாவது பல்லைச் சுத்தி மூடுற உறை, மாட்டியாச்சு! வலது பக்கம், கீழ, கடவாப்பல்லு. இருங்க, லைட்டைத் திருப்புறேன்... இந்தா, தெரியுதா? எது என் சொந்தப் பல்லு, எது கேப்புன்னு சொல்லுங்க பாப்போம். அவ்வளவு பொருத்தமா இருக்கு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நம்ம வீடியோ விடாம பாக்குறவங்களுக்குத் தெரியும், கொஞ்ச நாளா நான் இடது பக்கமே மென்னுக்கிட்டு இருந்தேன். கல்யாண வீட்டுல நண்டுக் குழம்புல கிடந்த ஒரு ஓட்டுத் துண்டு, சோத்தோட சோறா வந்து பல்லுல மாட்டிக்கிச்சு. 'டக்'குன்னு ஒரு சத்தம். சொத்தை கிடையாது, ஓட்டை கிடையாது, கண்ணாடியில பாத்தா ஒண்ணுமே தெரியல. ஆனா வலி ஒரு மாதிரி வலி. கடிக்கும்போது இல்லை, கடிச்சுட்டு வாயைத் திறக்கும்போது சுரீர்னு பாயும். ஐஸ் தண்ணி பட்டாலும் அப்படித்தான். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, கடியை விடும்போது வலிச்சா பல்லுல கீறல் விழுந்திருக்கலாம். கடிக்கும்போது அந்தக் கீறல் விரியுது, விடும்போது 'டப்'புன்னு மூடுது, உள்ள இருக்குற நரம்பு துடிக்குது.

முதல்ல போன இடத்தைப் பத்தி சொல்லியே ஆகணும், எனக்கு இன்னும் கோபம் ஆறல. பேர் வேணாம். வாயைத் திறந்தேன், டார்ச் அடிச்சாங்க, உடனே 'ரூட் கனால் பண்ணி கேப்பு போட்டுடலாம், ரெண்டும் சேர்த்து பேக்கேஜ்'னு சீட்டு எழுதிட்டாங்க. எக்ஸ்ரே? எடுக்கல. ஐஸ் வச்சு நரம்பு உயிரோட இருக்கான்னு பாத்தாங்களா? பாக்கல. பல்லோட உயிர் நரம்பை எடுக்கப்போறவங்க அது உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு ஒரு நிமிஷம் பாக்க வேணாமா? சீட்டை மடிச்சு பையில போட்டுக்கிட்டு எழுந்து வந்துட்டேன்.

அடுத்து ராமநாதபுரத்துல ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். அவங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியை எடுத்து, பல்லு மேல மேடு மேடா இருக்குமே, அந்த ஒவ்வொரு முகட்டுலயும் தனித்தனியா வச்சு 'கடிங்க, விடுங்க'ன்னாங்க. கீழ முதல் கடவாப்பல்லுக்கு மேல பெரும்பாலும் அஞ்சு முகடு இருக்குமாம். நாலுல ஒண்ணும் இல்லை. நாக்குப் பக்கம் இருக்குற ஒண்ணுல விடும்போது... அம்மாடி! அப்புறம் எக்ஸ்ரே எடுத்தாங்க, அதுல கீறல் தெரியல. 'தெரியாதும்மா, இந்த மாதிரிக் கீறல் முன்னும் பின்னுமா ஓடும், படத்துல விழாது. வேர் நல்லா இருக்கான்னு பாக்கத்தான் எடுத்தேன்'னாங்க. பக்கவாட்டுல பளிச்சுனு ஒரு லைட்டு அடிச்சாங்க. வெளிச்சம் கீறல் வரைக்கும் வந்து அப்படியே நின்னுருது, அந்தப் பக்கம் இருட்டு. கண்ணாடியில எனக்கே காட்டுனாங்க. நரம்பு உயிரோட இருக்கு, ரூட் கனால் இப்போதைக்கு வேணாம், கேப்பு மட்டும் போதும்னு சொன்னாங்க. பின்னாடி நரம்பு வீங்குனா அப்போ பண்ண வேண்டி வரலாம்னும் முன்கூட்டியே சொல்லிட்டாங்க. மறைக்காம சொன்னாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்தது.

நான் கேட்டேன், 'டாக்டர், சிமெண்ட் வச்சு அடைச்சா ஆகாதா?'ன்னு. எங்க அப்பா வள்ளத்துக்குக் கலப்பத்து பாக்குறதை நீங்க பழைய வீடியோல பாத்திருப்பீங்க. பலகை இடுக்குல தண்ணி கசிஞ்சா பஞ்சைத் திணிச்சு அடைச்சிடலாம். பலகையே பிளந்திருந்தா எவ்வளவு திணிச்சாலும் பிளவு பெருசாத்தான் ஆகும். பல்லும் அதே கணக்கு. அடைப்பு பல்லுக்குள்ள உக்காருது, சுவரைப் பிடிச்சு நிறுத்தாது. கேப்பு வெளியில இருந்து சுத்தி வளைச்சுப் பிடிக்குது.

அதுக்காக எல்லாரும் கேப்பு போடுங்கன்னு நான் சொல்லல! இதுதான் இந்த வீடியோவே. எங்க வீட்டுக்காரருக்கும் கூடவே பாத்தோம், அவருக்கு பல்லு மேல ஒரு சின்னக் குழி, சொத்தை. அவர் என் கேப்பைப் பாத்துட்டு 'எனக்கும் போட்டுடுங்க, கெட்டியா இருக்கும்'ங்கிறார். டாக்டரம்மா கண்டிச்சுட்டாங்க. கேப்பு மாட்டணும்னா பல்லைச் சுத்தியும் மேலயும் ராவணும். மேல மட்டும் ஒண்ணரை, ரெண்டு மில்லிமீட்டர் போயிடும். எனாமல் ஒரு தடவை போனா போனதுதான், திரும்ப வளராது. ஒரு சின்னக் குழிக்காக நல்ல பல்லை நாலு பக்கமும் ராவுறது அநியாயம். அவருக்கு பல்லு நிறத்துல அடைச்சு விட்டாங்க. ஒரே உக்காருல முடிஞ்சுது, 900 ரூபாய். ரெண்டு ரெண்டு மில்லிமீட்டரா அடுக்கு வச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல லைட்டு அடிச்சு இறுக வைக்கிறாங்க. மொத்தமா ஒரே உருண்டையா வச்சா லைட்டு அடி வரைக்கும் போகாது, உள்ள இறுகாம நிக்கும். அதனால அவசரப்படுத்தாதீங்க.

அப்போ எதுக்கு எது? நல்ல பல்லு எவ்வளவு மிச்சம் இருக்கு, அதுதான் கேள்வி. குழி சின்னது, சுத்துச் சுவர் தடிமனா இருக்கு, அடைச்சுக்கோங்க. சுவர் மெலிஞ்சு போச்சு, முகடு உடைஞ்சிருக்கு, கீறல் ஓடுது, இல்லை கடவாப்பல்லுல ரூட் கனால் பண்ணியாச்சு, அப்போ கேப்பு. முன்பல்லுல ரூட் கனால் பண்ணாலும், பல்லு நிறைய மிச்சம் இருந்தா கேப்பு கட்டாயம் கிடையாது. ரெண்டுக்கும் நடுவுல ஆன்லேன்னு ஒண்ணு இருக்கு, உடைஞ்ச முகட்டை மட்டும் மூடுறது. என் கீறல் பக்கத்துச் சுவருக்கும் ஓடியிருந்ததால எனக்கு அது சரிப்படல.

இப்போ விலைக்கு வரேன், இதுல நான் பட்ட பாடு இருக்கே! மெட்டல் 2,500, மெட்டல் மேல பீங்கான் ஒட்டுனது 4,500, சிர்கோனியான்னு மெட்டல் இல்லாத, பல்லு நிறத்துல இருக்குற கெட்டியான வகை 8,000. மதுரையில போன் பண்ணி விசாரிச்சா அதே சிர்கோனியா 12,000! கூட பஸ் காசு, அங்க சாப்பாட்டுக் காசு. ராமநாதபுரத்துல 500 குறைச்சு 7,500க்கு முடிச்சேன். அந்த 500 ரூபாய்க்கு நான் அரைமணி நேரம் பேசினேன், பேசினதுக்குப் பலன் கிடைச்சுது. அந்த பீங்கான் ஒட்டுனது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பீங்கான் சில்லு பேந்து போகலாம், ஈறு கொஞ்சம் இறங்குனா ஓரத்துல கருப்புக் கோடு தெரியும், அதுக்கு பல்லையும் அதிகமா ராவணும். ஒண்ணு மெட்டல் போடுங்க, இல்லை சிர்கோனியா போடுங்க. கடைசிப் பல்லுன்னா நான் மெட்டலே போட்டிருப்பேன். குறைவா ராவுனா போதும், உடையாது, விலையும் கம்மி. இது சிரிச்சா வீடியோல தெரியுற பல்லு, அதான். வாரண்டி கார்டு ஒண்ணு குடுத்தாங்க. அது கேப்புக்குத்தான், உள்ள இருக்குற பல்லுக்கு இல்லை. கேப்பு ஓரத்துல, ஈறுகிட்ட, சொத்தை வரலாம். ராத்திரி தேய்ச்சுட்டு பல்லிடுக்குல நூல் விடுங்க.

அட, ஒண்ணு விட்டுட்டேன். பல்லை ராவி அளவு எடுத்து லேபுக்கு அனுப்புன அன்னைக்கு, ஒரு தற்காலிகக் கேப்பு ஒட்டுவாங்க. அந்தச் சிமெண்ட் கிராம்பு வாசனை அடிக்கும். அதுல வேணும்னே பிடிப்பு கம்மி, திரும்ப எடுக்கணும்ல. அந்த நேரம் பாத்து கீழக்கரையில இருந்து மாமா வீட்டுல தொதல் குடுத்து விட்டாங்க. தொதல்! தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கிண்டி, எண்ணெய் மினுமினுக்க, கத்தியில ஒட்டிக்கிற பதம். ஒரு துண்டு தின்னா கேப்பு அதோட வந்திருக்கும். டப்பாவை மூடி பிரிட்ஜுல உள்ள தள்ளிட்டு, வீட்டுல யாரும் தொடக்கூடாதுன்னுட்டேன். கேப்பு ஒட்டுனப்புறம்தான் எடுத்தேன், நல்லாத்தான் இருந்தது.

கடைசியா ஒட்டுன அன்னைக்கும் ஒரு சிக்கல். கார்பன் பேப்பரைக் கடிக்கச் சொல்லி, நீலம் பட்ட இடத்தை ராவி ராவிப் பாத்தாங்க. ஊசி போட்டு வாய் மரத்திருக்கும்போது எது உசரம், எது சரின்னு எப்படித் தெரியும்? டாக்டரம்மாவே 'நாளைக்கு மரப்பு இல்லாம வாங்க, மறுபடி பாக்குறேன்'னாங்க. போனேன். ஒரு முனை லேசா தட்டுச்சு, தலைமுடி அளவுதான் இருக்கும், ஆனா ராத்திரி பூரா தாடை வலிச்சுது. ராவினாங்க, உடனே சரி. அந்த நிம்மதியை எப்படிச் சொல்றது! காசு குடுத்துட்டோம், பரவாயில்லைன்னு யாரும் பொறுத்துக்காதீங்க, திரும்பப் போய் ராவச் சொல்லுங்க.

அத்தைக்கு ஒரு கவலை, அதையும் டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வந்தேன். அவங்க பல்லுல பழைய வெள்ளி அடைப்பு இருக்கு, அதுல பாதரசம் இருக்கே, எடுத்துடணுமான்னு. எடையில ஏறக்குறைய பாதி பாதரசம்தான், உண்மை. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜனவரியில இருந்து பெரும்பாலும் நிறுத்திட்டாங்க. ஆனா ஓரம் விரியாம, அடியில சொத்தை இல்லாம நல்லா இருக்குற அடைப்பைத் தோண்டாதீங்கன்னாங்க. தோண்டும்போதுதான் ஆவி அதிகமா வரும், பல்லும் குறையும்.

ஆனா அத்தைக்கு அதுக்குப் பக்கத்துப் பல்லுல வேற ஒரு மூலை பேந்திருக்கு. வியாழக்கிழமை கூட்டிட்டுப் போறேன். எக்ஸ்ரே எடுத்து, சுவர் எவ்வளவு மிச்சம்னு பாத்துட்டு, அடைப்பா கேப்பான்னு வந்து சொல்றேன். எக்ஸ்ரே எடுக்காம சீட்டு எழுதுனா அங்கேயும் எழுந்து வந்துடுவேன்.