ஆழம் பார்த்தவர்கள்

(காரைக்குடியில் ஒரு விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, என் தகுதிக்கு மேல் பாராட்டி வரவேற்ற செயலாளர் அவர்களே, கானாடுகாத்தானிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வெயிலைப் பாராமல் வந்திருக்கும் அண்ணன்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அனைவருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த குடும்பத்தாருக்கும், மதியம் இலை போட்டுப் பசியாற்றிய சமையல்காரர்களுக்கும் என் தனி நன்றி.

கோல்ஃப் மைதானங்களையும் அவற்றை வடிவமைத்தவர்களையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். மண், நீர், மனிதன் என்று மூன்று தலைப்பில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்வார். ஊருணிப் படித்துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. நல்ல மைதானம் அமைத்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லின்படி நடந்தவர்கள்தாம்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்துக்குத் தனி ஒரு வடிவமைப்பாளர் கிடையாது. கடலோர மணல்மேடும் காற்றும் மேய்ந்த ஆடுகளும் உருவாக்கிய இடம் அது. பந்தை அடித்துப் போடும் குழிகள் 22 ஆக இருந்த ஆட்டம் 1764-ல் அங்கேதான் 18 ஆனது. பிறகு ஓல்டு டாம் மாரிஸ் வந்து அதைச் செப்பனிட்டுப் பராமரித்தார். அவரிடம் தொழில் பழகிய டொனால்ட் ராஸ் 1899-ல் அமெரிக்கா போய், நானூறு மைதானங்கள் வரை அமைத்தார். வட கரோலினாவில் அவர் உருவாக்கிய பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில், குழி இருக்கும் புல்திடல்கள் கவிழ்த்த சட்டிபோல் நடுவில் உயர்ந்திருக்கும். விளிம்பில் விழுந்த பந்து உருண்டு வெளியே ஓடிவிடும். மழைநீரும் அப்படியே வழிந்துவிடும்.

அலிஸ்டர் மெக்கன்சி ஒரு மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பணியாற்றியபோது, எதிரிகள் பதுங்குகுழிகளை மண்ணோடு மண்ணாக மறைத்த விதத்தைக் கவனித்தார். மனிதன் வெட்டியது இயற்கையாகவே இருந்ததுபோல் தெரிய வேண்டும் என்ற பாடத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்தார். கலிபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்டும், புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமைத்த அகஸ்டா நேஷனலும் அவர் கைவண்ணம். மண்ணைப் பற்றி இவ்வளவு போதும், நீருக்கு வருகிறேன்.

ஆச்சிமார்கள் இதைக் கேட்க வேண்டும். புளோரிடாவில் 415 ஏக்கர் சதுப்புநிலம் ஒரே ஒரு டாலருக்குக் கைமாறியது. அதில் மைதானம் அமைக்க பீட் டை என்பவரை அழைத்தார்கள். சதுப்பை மேடாக்க மணல் வேண்டும். நல்ல மணல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பதினேழாவது குழி வரவேண்டிய இடத்தில். அங்கே தோண்டி மற்ற இடங்களுக்கு வாரினார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வாரிக்கொண்டே போனதில், ஆட்டத்துக்கு வைத்திருந்த இடம் பெரும் பள்ளமாகிவிட்டது. பக்கத்தில் சிறு குளம் வைப்பதாகத்தான் திட்டம். இப்போது குளத்தைத் தவிர எதற்கும் இடமில்லை. பீட் டை திகைத்து நிற்கிறார். அவருடைய மனைவி ஆலிஸ் டை, அவரும் கைதேர்ந்த வடிவமைப்பாளர், பள்ளத்தைப் பார்த்தார். 'நீரை நிரப்புங்கள், நடுவில் தீவாகத் திடலை வையுங்கள்' என்றார். அவ்வளவுதான்! 1980-ல் திறந்த சாக்ராஸ் மைதானத்தின் 17-வது குழி இன்று உலகப் புகழ் பெற்றது. பந்தை அடிக்கும் இடத்திலிருந்து 137 கஜம் தூரம்தான். உலகின் பெரிய ஆட்டக்காரர்களுக்கும் அங்கே கை நடுங்குகிறது. பின்னாளில் அமெரிக்க கோல்ஃப் வடிவமைப்பாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் அந்த அம்மையார்தாம். நம் வளவு வீடுகளில் ஆச்சி சொன்னால் மறுபேச்சு இல்லை என்பதை அங்கேயும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தைக் கண்டதும் அந்த அம்மையார் மூடச் சொல்லவில்லை. நாம் என்ன செய்கிறோம்?

நம் முன்னோர்களும் நிலத்தின் ஆழம் பார்த்தவர்கள். ஓட்டுக்கூரையிலிருந்து வளவு முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து தெருக் கால்வாய்க்கு, அங்கிருந்து ஊருணிக்கு என்று மழைநீருக்கு வழி வைத்துவிட்டுத்தான் ஊரை அமைத்தார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் படம் எடுக்க வருகிறவர்களுக்கு அந்த நீர்வழியை யார் காட்டுகிறோம்?

போன ஐப்பசியில் பெருமழை பெய்த மறுநாள், எங்கள் ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலோடு செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். நாற்பதடி நடப்பதற்குள் இடித்த வீட்டின் காரைக்கட்டிகள் வாய்க்காலை அடைத்துக் கிடந்தன. உடைந்த பூக்கல் ஒன்று செம்மண் சேற்றில் பாதி புதைந்து நீலமாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் பையைத் தலைமேல் வைத்துப் போகிறார்கள். அந்தப் பக்கம் ஊருணிக்குள் சீமைக்கருவேலம் ஆளுயரம். அப்பத்தா என்னை நிறுத்திய படியில் ஈரமே இல்லை. அந்தப் பள்ளத்தை மேவி வாகன நிறுத்தம் ஆக்கலாம் என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றுதான் அவர்களுக்கும் சொல்கிறேன். ஊருணியை மூடினால் மழைநீர் உங்கள் வளவுக்குள்தான் வரும்.

மனிதனைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் மணியைப் பார்க்கிறார். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரத்துக்காலின் தலைமாட்டில் கூடுகிறோம். முதலில் அந்தக் காரைக்கட்டிகளை எடுக்க வேண்டும். என்னிடம் பன்னிரண்டு மண்வெட்டிகள் இருக்கின்றன; கூடைகள் போதாது, வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.