பல்லாவரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

வணக்கம் மக்களே! காலை ஏழு மணி, பல்லாவரம் பழைய டிரங்க் ரோடு. வெள்ளிக்கிழமை என்பதால் வண்டியை ஸ்டேஷன் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். இன்றைக்கு இந்தத் தெரு முழுக்கச் சந்தை. செடி, புறா, பழைய மர பீரோ, ஓடாத மிக்சி... அதோ அந்தச் சாக்கில் ஒற்றைச் செருப்பு. யார் வாங்குவார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அதுக்கும் ஆள் வரும் தம்பி" என்றார்.

பல்லாவரம் என்றால் பலருக்கும் சென்னை ஏர்போர்ட் தாண்டியதும் டிராபிக்கில் மாட்டுகிற இடம், அவ்வளவுதான். 2020-இல் ஜி.எஸ்.டி. ரோட்டில் மேம்பாலம் வந்தது. இப்போது மாட்டுவதுகூட இல்லை, தலைக்கு மேலேயே போய்விடுகிறார்கள். நான் சொல்லப்போவது காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றி.

இந்தப் பகுதி கண்டோன்மென்ட், வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த இடம். இங்கே அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிச் சரளை தோண்டிய குழி ஒன்று இருந்தது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் அதிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். மற்றவர்கள் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். இவருக்கு மட்டும், இது தானாக உடைந்த கல் இல்லை, யாரோ கையால் செதுக்கியது என்று பட்டது. பழைய கற்காலக் கருவி! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே பின்னாளில் தோண்டியெடுத்த கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது சொல்கிறார்கள்.

ஒரு நிமிடம், விமானம் போகட்டும்... இங்கே பேசினால் பாதிப் பேச்சு மேலேயே போய்விடும்.

சரி, அப்புறம் அந்தக் குன்று. மேலே தர்கா தெரிகிறதா? உள்ளே இருப்பது ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில். அவனுடைய பட்டப்பெயர்களை அடுக்கிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஒருவன் குடைந்தான், இன்னொருவர் வந்து வேறு பெயரில் கும்பிடுகிறார்கள். கும்பிடப்படுவதால்தான் குகை தப்பித்தது என்பது என் கணக்கு. கும்பிட ஆளில்லாத குன்றுகளை வெட்டி ஜல்லியாக்கிவிட்டார்களே, திரிசூலம் பக்கம் போனால் தெரியும்.

கல்லைப் பற்றி இன்னொன்று. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் கிடக்கும் பலகை, நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல் ரகம். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்த ரகத்துக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாவில் புதைந்தவருடையது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

கிராமம் எப்போது புறநகரானது என்று கேட்டால், 1931-ஐச் சொல்வேன். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு அது. பட்டணத்தில் வேலை, இங்கே வீடு என்று ஆனது. பக்கத்திலேயே தோல் தொழிலும் வளர்ந்தது. குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. நாகல்கேணியில் இன்றும் தோல் ஷெட்டுகள் உண்டு, மூக்கே வழி சொல்லும்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது பெரிய ஏரி. துரைப்பாக்கத்துக்குப் போகும் ரேடியல் ரோடு அதை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. ஒரு பக்கம் வெகுகாலம் குப்பைமேடாகவே கிடந்தது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர் என்று இப்போது அபார்ட்மெண்ட் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நகராட்சியாக இருந்த பல்லாவரமும் 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது.

அட, அங்கே பாருங்கள், தார்ப்பாய் மேல் அம்மிக்கல். நானூறு ரூபாய் சொல்கிறார். கல்லைத் திருப்பிப் பார்த்தேன், நடுவில் நன்றாகத் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது, யாரோ வருஷக்கணக்கில் அரைத்திருக்கிறார்கள். அம்மா கறிவேப்பிலைக் கன்று மட்டும்தான் வாங்கச் சொன்னார். இருநூற்றைம்பதுக்குக் கேட்டுப் பார்க்கிறேன். கொடுத்தால் ஸ்டேஷன் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதைத்தான் யோசிக்கிறேன்...