நிகழ்ச்சிநிரலோடு வந்த வார இதழ்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மானியக் குடும்பங்களில் பல தலைமுறைகளாகப் புழங்கிவரும் ஒருவகை வார இதழைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். வாரம் முழுவதற்குமான தொலைக்காட்சி நிகழ்ச்சிநிரலும், சமையல், உடல்நலம், புதிர் போன்ற பகுதிகளும் ஒரே அட்டைக்குள் அமைந்திருப்பதே அவ்வகையின் இலக்கணம். பவுர் பதிப்பகத்தின் 'ஔஃப் ஐனென் பிளிக்' அவற்றுள் ஒன்று. 'ஒரே பார்வையில்' என்பது அப்பெயரின் பொருள்.

இந்த மரபை வேரூன்றச் செய்த இதழ் 'ஹோர்ட்சு'. போரில் சிதைந்துபோன ஹாம்பர்க் நகரில், போருக்குப்பின் அங்கே ஆட்சி செலுத்திய பிரித்தானியரின் உரிமம் பெற்று, ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற பதிப்பாளர் 1946 டிசம்பர் 11 அன்று அதைத் தொடங்கினார். 'கவனித்துக் கேள்' என்று பொருள்படும் அந்தப் பெயர் வானொலிக்காக வைக்கப்பட்டது. மேற்கு ஜெர்மனியில் வழக்கமான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1952 டிசம்பர் 25 அன்றுதான் தொடங்கியது.

முதல் ஆசிரியர் எடுவார்ட் ரைன் 1965 வரை பொறுப்பில் இருந்தார். நாளிதழ் மாலைக்குள் பழசாகிவிடும். நிகழ்ச்சிநிரல் உள்ள இதழோ ஏழு நாளும் வானொலிப் பெட்டியின் அருகிலேயே கிடக்கும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் நாள்தோறும் அதைக் கையிலெடுப்பார்கள். அப்படி எடுப்பவர்களுக்கு, நேரம் பார்த்தபின்னும் படிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? ரைன் அதை நன்கு உணர்ந்திருந்தார். ஹான்ஸ் உல்ரிக் ஹோர்ஸ்டர் என்ற புனைபெயரில் தொடர்கதைகளைத் தாமே எழுதினார். போர்க்கால இடப்பெயர்வில் தொலைந்த மகளைத் தேடும் தாயின் கதை அவற்றுள் ஒன்று. அதே துயரைச் சுமந்த எத்தனையோ தாய்மார்கள் அன்று அந்நாட்டில் இருந்தார்கள் என்பதை நினைத்தால், அக்கதை வாரந்தோறும் எவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கப்பட்டிருக்கும் என்பது விளங்கும்.

வாசகர்களின் இல்லறச் சிக்கல்களுக்கு 'திருமதி ஐரீன்' விடையளித்த பகுதியும் பெரும்புகழ் பெற்றது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் வால்டர் ஃபான் ஹொலாண்டர் என்ற ஆண் எழுத்தாளர். பெண்ணை நம்பி மனத்தைத் திறந்தவர்களிடம் அதை மறைத்தது எனக்கு ஒப்பவில்லை. ஆயினும், அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல முடியாததை எழுதிக் கேட்பதற்கு ஓர் இடம் கிடைத்ததே, அதைச் சிறிதென்று நான் எண்ணவில்லை.

1960களின் தொடக்கத்தில் 'ஹோர்ட்சு'வின் விற்பனை வாரத்துக்கு 40 லட்சம் படிகளைத் தாண்டியது. 1963இல் இரண்டாம் தேசிய அலைவரிசையும், 1984 முதல் தனியார் அலைவரிசைகளும் வந்தபோது நிரல் பக்கங்கள் பெருகின. பின்னர் இரு வாரங்களுக்கான நிரலை ஒரே இதழில் தரும் போட்டியாளர்கள் தோன்றினர். நிரலை எவரும் அச்சிடலாம். வார இதழ்களின் தனித்த வலிமை கதையிலும் சமையலிலும் புதிரிலும் இருந்தது என்பதே என் கருத்து.

2014இல் 'ஹோர்ட்சு' ஃபுங்கே என்ற ஊடகக் குழுமத்தின் உடைமையாயிற்று. வானொலிக்கென்று சூட்டிய அந்தப் பெயரை மட்டும் எவரும் மாற்றவில்லை.