தோலில் விழுந்த கருப்பு: அது கறை இல்லை, மை!

(காட்சி: வெளிர்பழுப்புத் தோல் துண்டு. மேலே துருத் தண்ணீர் ஒரு சொட்டு விழுகிறது.)

கண்ணை எடுக்காமல் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் சாம்பலாகி, நீலமாகி, இப்போது கருகருவென்று நிற்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சோப்பின் காரம் பட்டால் இன்னும் கருக்கும். ஆனால் புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒன்று போதும், இதை மங்க வைத்துவிடலாம். செய்தே காட்டுகிறேன், இருங்கள்.

வணக்கம் மக்களே! துப்பாக்கி உறை, அரிவாள் உறை தைக்கிற எல்லோருக்கும் வருகிற தொல்லை இது. உறைக்கு விறைப்பான தோல் வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் துவளும். அதனால் ஆவாரம் பட்டை, கடுக்காய் மாதிரிச் சரக்கில் பதனிட்ட தோலை எடுப்பார்கள். நம் செம்மண் காட்டில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே, அதே ஆவாரைதான். தோலை நனைத்து, துப்பாக்கியின் அச்சை உள்ளே வைத்து விரலால் அழுத்தினால், காய்ந்த பிறகும் அந்த வடிவம் அப்படியே நிற்கும். மற்றதெல்லாம் தையல்.

அந்த ஈரத்தில்தான் வினை. பட்டையிலிருந்து தோலுக்குள் ஏறிய டேனின் என்கிற துவர்ப்புச் சத்து, இரும்பைத் தொட்டால் கருப்பாக மாறும். இரும்பு வாளி, துருப்பிடித்த ஆணி போதும். பக்கத்தில் அரம் போட்டால் பறக்கிற பொடிகூடப் போதும். அது உலர்ந்த தோலில் கண்ணுக்கே தெரியாது. நனைத்ததும் புள்ளி புள்ளியாக எழும்பும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். நரைக்கு நெல்லிமுள்ளிப் பொடியையும் கடுக்காய்ப் பொடியையும் இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க ஊறப் போடுவார்களே, ஏன் இரும்புச் சட்டி? எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற வைத்தால் அந்தக் கருப்பு வராது! உங்கள் ஆச்சி தலைக்குத் தேய்த்த கருப்பும் இந்தத் தோலின் கருப்பும் ஒன்றேதான். இன்னும் கேளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கித் தண்ணீரில் கலந்தால் எழுதுகிற மை கிடைக்கும். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதிய மையும் இதே வகைதான். அங்கே கடுக்காய்க்குப் பதில், நாம் பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுக்கிற மாசிக்காய். காகிதத்தில் காலங்காலமாக நிற்கிற மை, தோலில் மட்டும் சோப்புக்குப் போய்விடுமா?

சரி, வைத்தியம். எலுமிச்சைச் சாற்றை வடிகட்டித் துணியில் தொட்டுத் தடவுங்கள்.

(காட்சி: நெருக்கத்தில், கருப்பு மெல்ல மெல்லத் தவிட்டு நிறமாகிறது.)

சாற்றின் புளிப்பு இரும்பைப் பிடித்து இழுத்துவிடுகிறது. புள்ளியில் மட்டும் தடவாதீர்கள், அந்த இடம் வெளுத்துத் தனியாகத் தெரியும். அந்தப் பக்கம் முழுக்கத் தடவுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் கொஞ்சமாகத் தேயுங்கள். புளிப்பைத் தோலிலேயே விட்டுவிட்டால் தோல் கெடும். முதலில் கழிவுத் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சாலிக் அமிலம் இதைவிட வேகமாக வேலை செய்யும், ஆனால் அது விஷம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பேன்.

பித்தளை ரிவெட்டைச் சுற்றி வருகிற பச்சைப் பிசுக்கு வேறு சமாச்சாரம், உலர்ந்த துணியால் துடைத்தாலே போகும்.

வருமுன் காப்பது சுலபம்: பிளாஸ்டிக் வாளி, சுத்தமான கை, அச்சுக்கு மேல் பிளாஸ்டிக் தாள். உறை தயாரான பிறகும் இரும்பை மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துவைத்து இரும்பைத் துருவேற்றும், துரு திரும்பத் தோலைக் கருக்கும்.

கறை ரொம்பப் பரவிவிட்டதா? போராட வேண்டாம். வினிகரில் ஆணிகளைச் சில நாள் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரை உறை முழுக்கப் பூசுங்கள். பிறகு சமையல் சோடா கரைசலால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். முழு உறையும் ஒரே கருப்பு! மேலே பூசுகிற பெயின்ட் மாதிரி உரியாது, ஏனென்றால் இது தோலுக்குள்ளேயே உண்டான நிறம். கடைச் சாயத்தைவிட எனக்கு இதுதான் அழகு.

உங்கள் ஊரில் தோல் தைக்கிற அண்ணாச்சி யாராவது இருந்தால், இந்தக் கருப்புக்கு அவர் என்ன போடுகிறார் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அதையும் ஒரு வீடியோவில் செய்து பார்க்கிறேன்.