வரி இருப்பதும் இல்லாததும் ஒரே கணவாயா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நேயர் படத்தோடு கேட்டிருக்கிறார்: "காசிமேடு மீன் சந்தையில் ஒரே கூடையில் வாங்கிய கணவாய் மீனில் ஒன்றுக்கு முதுகில் வரி வரியாக இருக்கிறது, இன்னொன்று வெறும் பழுப்பு. வரி இருப்பது ஆண் என்கிறார்கள். உண்மையா?"

இப்படி ஒரு கேள்வி வராதா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு என் பதில் இந்நேரம் தெரிந்திருக்கும். தோலை நம்பாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே கணவாய் கண் இமைக்கும் நேரத்தில் நிறம் மாற்றும். செத்து, ஐஸில் கிடந்து, வலையில் உரசி வந்த தோலை வைத்து என்ன முடிவு செய்வது?

ஆண் என்று சொன்னவர் பாதி சரி. வரி உள்ளது செபியா ஃபராவோனிஸ். நம் கடலில் கிடைப்பதில் பெரிய கணவாய் இதுதான். தலையை விட்டுவிட்டு உடல் மட்டுமே 40 செ.மீ. வரை வளரும். ஆணுக்கு வரி அழுத்தமாக இருக்கும், பெண்ணுக்கு மங்கல். ஆகவே அந்தப் பழுப்பு, இதே வகைப் பெண்ணாகவும் இருக்கலாம், செபியா அகுலியேட்டா என்ற வேறு வகையாகவும் இருக்கலாம். படத்தில் முதுகு மட்டும்தான் தெரிகிறது, அதை வைத்துச் சொல்ல முடியாது.

கையைப் பாருங்கள். எட்டுக் கைகள் வெளியே தெரியும். இரை பிடிக்கும் நீளக் கைகள் இரண்டு, கண்ணுக்குக் கீழே பைக்குள் சுருண்டு கிடக்கும். விரலை விட்டு மெதுவாக இழுத்தால் வரும். அதன் அகன்ற நுனியில் உறிஞ்சிகள் இருக்கும். நடுவில் சில மட்டும் தடித்துப் பெரிதாக இருந்தால் ஃபராவோனிஸ். எல்லாமே ஒரே அளவில், வரிசைக்குப் பத்துக்கு மேல் பொடிப்பொடியாக நெருங்கி இருந்தால் அகுலியேட்டா. ஒருமுறை காசிமேட்டில் இப்படி இழுத்து எண்ணிக்கொண்டிருந்தபோது விற்கிற அம்மா கேட்டார்: "இன்னா சார், வாங்கப் போறியா, வைத்தியம் பாக்கப் போறியா?" அவரிடமே அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன், வேறு வழி?

சின்னக் கணவாய் ஒன்றும் இதே கூடையில் கலந்து வரும், செபியெல்லா இனர்மிஸ். இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. வால் பக்கம் இரண்டு துடுப்புகளுக்கும் நடுவே ஒரு சிறு துளை இருக்கும், அமுக்கினால் பழுப்பு நீர் கசியும். மைப்பையில் வரும் கறுப்பு மை வேறு, இது வேறு. உடலுக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டினை எடுத்துப் பார்த்தாலும் தெரிந்துவிடும். மற்ற இரண்டின் ஓட்டிலும் பின் நுனியில் முள் இருக்கும், இதில் இருக்காது.

ஓடு என்றதும் நினைவுக்கு வருகிறது. லவ்பேர்ட்ஸ் கூண்டில் மாட்டுகிறார்களே, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கொடுக்கிறார்களே, அதே ஓடுதான். அது எதற்கு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை! குறுக்கே உடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், தட்டுகளுக்கு நடுவே முடி போன்ற தூண்கள். உயிரோடு இருக்கும்போது இந்த அறைகளில் கொஞ்சம் நீர், கொஞ்சம் வாயு. நீரை வெளியே இழுத்தால் உடல் லேசாகும், உள்ளே விட்டால் கனக்கும். நீந்திக் களைக்காமல் நடுநீரில் நிற்பது இப்படித்தான். ரொம்ப ஆழத்துக்குப் போனால் அழுத்தத்தில் ஓடு நொறுங்கிவிடும், அதனால்தான் கரையை ஒட்டிய கடலிலேயே வாழ்கிறது. செத்த பிறகும் ஓடு மிதக்கும், எண்ணூர்க் கரையில் ஒதுங்குவது அதுதான். அடுக்குகளை எண்ணி வயது சொல்லலாமா என்றால், கூடாது. தீனி குறைந்தால், தண்ணீர் குளிர்ந்தால் புது அடுக்கு மெதுவாகத்தான் வரும்.

தண்டையார்பேட்டை நண்பரே, அடுத்த தடவை அந்த நீளக் கையின் நுனியை, ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கழுவி வெட்டுவதற்கு முன்னால். சரி, அடுத்த கேள்வி பழவேற்காட்டிலிருந்து, நண்டு பற்றி.